யார் கல்யாணத்துக்கு யார் ஓட்டுப் போடுவது?

2023 அக்டோபர் 17ஆம் தேதி தன்பாலினத் திருமண வழக்கில், அதற்குச் சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அன்று மதியம் மதுரை ஒத்தக்கடையில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் அதுதான் பேச்சு. உயர்நீதிமன்றக் கிளை பக்கத்திலேயே இருப்பதால் வக்கீல்கள், குமாஸ்தாக்கள், வாய்தாவுக்காக ராமநாதபுரத்திலிருந்தும் தேனியிலிருந்தும் விடிகாலை பஸ் பிடித்து வந்தவர்கள் என்று அங்கே எப்போதும் கூட்டம்தான். நானும் அதே தெருவில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதால் பாதிப் பேரை முகம் தெரியும். அவர்களில் வயதில் மூத்த குமாஸ்தா ஒருவர், எல்லாரும் அண்ணே என்று மரியாதையாகக் கூப்பிடுகிறவர், டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கு எதுக்குப்பா கோர்ட்டு, பார்லிமென்டு எல்லாம்? ஓட்டுக்கு விட்டுற வேண்டியதுதானே. ஜனங்க வேணும்னா வேணும், வேணாம்னா வேணாம். முடிஞ்சுபோச்சு."

சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரும் அதுதான் சரி என்றார்கள். அவர் யார்மீதும் வெறுப்பு உள்ளவர் இல்லை. நியாயம் பேசியே பழகியவர், அவர் சொன்னதும் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நாடே ஓட்டில்தான் நடக்கிறது, இதை மட்டும் ஏன் ஓட்டுக்கு விடக்கூடாது? எனக்கு அன்றைக்குப் பதில் சொல்ல வரவில்லை. அப்புறம் தேடிப் படித்து, மற்ற நாடுகளில் என்ன நடந்தது என்று பார்த்து, நம் பக்கத்து ஊர்க் கதைகளையும் சேர்த்து யோசித்தபோது கிடைத்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விடக்கூடாது. ஜெயிக்கும் என்று தெரிந்தாலும் விடக்கூடாது.

நம் அரசியலமைப்புச் சட்டத்தில் பொது வாக்கெடுப்பு என்ற ஏற்பாடே கிடையாது. சட்டம் வேண்டுமென்றால் நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இயற்ற வேண்டும். ஆனாலும் சுதந்திரத்துக்குப் பிறகு மக்களிடம் கேட்டு முடிவெடுத்த சந்தர்ப்பங்கள் சில உண்டு. 1948ல் ஜுனாகத் இந்தியாவோடு இருப்பதா பாகிஸ்தானோடு போவதா என்று கேட்டார்கள். 1967ல் கோவா மகாராஷ்டிரத்தோடு சேர்வதா தனியாக இருப்பதா என்று கேட்டார்கள். 1975ல் சிக்கிம் மன்னராட்சியை விட்டுவிட்டு இந்தியாவின் மாநிலமாவதா என்று கேட்டார்கள். நமக்குப் பக்கத்தில் பாண்டிச்சேரியில், 1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி ஓட்டுப் போட்டதில் 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். இந்த நாலையும் சேர்த்து வைத்துப் பாருங்கள், முடிவு யார் தலையில் விடியுமோ அவர்களைத்தான் கேட்டிருக்கிறார்கள். கோவாக்காரர்கள் எங்கே சேர வேண்டும் என்று மதுரைக்காரர்களைக் கேட்கவில்லை.

தன்பாலினத் திருமணத்துக்கு ஓட்டு என்றால் இது அப்படியே தலைகீழாகிவிடும். ஓட்டுப் போடப்போகிறவர்களில் பெரும்பாலானவருக்கு அந்த முடிவால் எதுவும் மாறாது. அவர்கள் வீட்டில் ஜாதகம் பார்ப்பதும், மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதும், மொய் எழுதுவதும் வழக்கம்போல நடக்கும். ஒருசிலருக்கு மட்டும் அது மொத்த வாழ்க்கை.

எனக்குத் தெரிந்த இரண்டு பெண்கள் வில்லாபுரம் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறார்கள் (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்). எட்டு வருடமாக ஒன்றாக வாழ்கிறார்கள், வீட்டுக்காரம்மாவுக்கு அக்கா தங்கச்சி என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் ராத்திரி சின்னவளுக்கு வயிற்று வலி வந்து, வலி தாங்காமல் மயங்கியே விழுந்துவிட்டாள். பெரியவள் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். உடனே ஆபரேஷன் என்றார்கள். ஒரு ஃபாரத்தை நீட்டினார்கள். நோயாளி பெயர், வயது, முகவரி எல்லாவற்றையும் மளமளவென்று எழுதினவள் 'உறவுமுறை' என்ற இடத்தில் நின்றுவிட்டாள். அக்கா என்று எழுதினால் ஆதார் கார்டு கேட்பார்கள், அதில் அப்பா பெயர் வேறு. யோசித்துவிட்டு தோழி என்று எழுதினாள். நர்ஸ் வாங்கிப் பார்த்துவிட்டு, "ரத்த சொந்தம் யாராச்சும் இருந்தா வரச் சொல்லுங்கம்மா" என்றார். ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனுக்கு போன் போட்டு, அவர் சாத்தூரிலிருந்து வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, இவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் போனார். அதுவரை ஆபரேஷன் தள்ளிப்போனது. எட்டு வருடம் கூட இருந்தவள் துணிப்பையோடு வராண்டாவில் உட்கார்ந்திருந்தாள். நர்ஸைக் குறை சொல்ல முடியாது, அவரிடம் இருந்த ஃபாரம் அப்படி.

கல்யாணம் என்று சட்டம் ஒப்புக்கொள்வது இதற்குத்தான். வாரிசுரிமை, குடும்ப பென்ஷன், தத்தெடுப்பு, ஜீவனாம்சம் என்று அந்த ஒற்றைச் சொல்லோடு சேர்ந்தே வரும் உரிமைகள் பத்து இருபது உண்டு. ஆணும் பெண்ணும் கல்யாணம் செய்த அன்றே யாரிடமும் கேட்காமல் அத்தனையும் கிடைத்துவிடுகிறது. அதனால்தான் அப்படி ஒன்று இருப்பதே நம் கண்ணில் படுவதில்லை.

சரி, ஓட்டுக்கு விட்ட நாடுகள் ஏன் விட்டன? எல்லாரும் முதலில் சொல்வது அயர்லாந்தை. 2015 மே 22ஆம் தேதி அங்கே நடந்த வாக்கெடுப்பில் 62 சதவீதம் பேர் ஆதரித்தார்கள், 43 தொகுதிகளில் ஒன்றே ஒன்றுதான் எதிர்த்தது. 1993 வரை ஆணும் ஆணும் உறவு கொள்வதையே குற்றமாக வைத்திருந்த கத்தோலிக்க நாடு அது. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் அந்த ஒரு ஓட்டுக்காக விமானத்திலும் கப்பலிலும் ஊர் திரும்பினார்கள். அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கே நெஞ்சு நிறைந்தது. ஆனால் அவர்கள் ஓட்டுக்கு விட்டதற்குக் காரணம், அந்த நாட்டில் அரசியலமைப்பில் ஒரு வரியை மாற்ற வேண்டும் என்றாலும் மக்கள் ஓட்டுக் கட்டாயம் வேண்டும் என்பதுதான். வேறு வழி கிடையாது. சுவிட்சர்லாந்திலும் ஏறக்குறைய அப்படித்தான். 2020 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது, எதிர்த்தவர்கள் 50,000 கையெழுத்துக்கு மேல் திரட்டி அதை ஓட்டுக்குக் கொண்டுவந்தார்கள், 2021 செப்டம்பரில் 64 சதவீதம் ஆதரவில் சட்டம் நிலைத்தது. அந்த ஊரில் வருடத்துக்கு மூன்று நாலு முறை ஏதாவது ஒன்றுக்கு ஓட்டுப் போடுவது வழக்கம், அதனால் இதையும் போட்டார்கள்.

ஆஸ்திரேலியாவின் கதை வேறு. அங்கே எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை, நாடாளுமன்றம் நினைத்திருந்தால் ஒரு வாரத்தில் சட்டத்தைத் திருத்தியிருக்கலாம். ஆளும் கட்சிக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. பொது வாக்கெடுப்புக்கு செனட் சம்மதிக்காததால் தபால் மூலம் கருத்துக்கணிப்பு என்று ஒன்றை 2017ல் நடத்தினார்கள், அதற்கு ஆன செலவு சுமார் 8 கோடி ஆஸ்திரேலிய டாலர். 61.6 சதவீதம் பேர் ஆதரவு. அந்த முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது என்பதால், அதற்குப் பிறகும் நாடாளுமன்றம் உட்கார்ந்து சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. கீழவையில் எதிர்த்தவர்கள் நாலே பேர். இதை முதலிலேயே செய்திருந்தால், அந்த இரண்டு மூன்று மாதம் தெருவுக்குத் தெரு, டிவியைப் போட்டால், தபால்பெட்டியைத் திறந்தால் தங்கள் குடும்பத்தைப் பற்றி முன்பின் தெரியாதவர்கள் பேசுவதை அந்த மக்கள் கேட்க வேண்டி வந்திருக்காது. மன அழுத்தத்துக்கு உதவி கேட்டு வந்தவர்கள் அந்த நாட்களில் அதிகமானார்கள் என்று அங்கே உள்ள ஆலோசனை அமைப்புகள் சொன்னார்கள். எதிர்ப்பு வென்ற 17 தொகுதிகளில் 12 நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில்தான், பெரும்பாலும் புலம்பெயர்ந்தவர்கள் அதிகம் வாழும் மேற்கு சிட்னி, நம் தமிழர்களும் நிறைய இருக்கும் பக்கம். வெளியில் நாடு கொண்டாடியபோது, தன் தெருவே தனக்கு எதிராகப் போட்டிருக்கிறது என்று எண்ணிக்கையோடு தெரிந்துகொண்ட பிள்ளைகள் அங்கே வீட்டுக்கு வீடு இருந்திருப்பார்கள். அந்தக் கணக்குத் தெரியாமலே அவர்கள் வாழ்ந்திருக்கலாம்.

இதெல்லாம் ஜெயித்த கதை. தோற்ற கதையைத்தான் நம் ஆட்கள் சொல்வதில்லை. கலிஃபோர்னியாவில் 2008 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் அனுமதித்து, சுமார் 18,000 ஜோடிகள் கல்யாணம் செய்துகொண்டார்கள். நவம்பர் 4ஆம் தேதி, ஒபாமா ஜெயித்த அதே நாளில், 52 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டு அந்த உரிமையை எடுத்துவிட்டார்கள். கல்யாணமான ஐந்து மாதத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டால் அது செல்லுமா செல்லாதா என்று தவிப்பதை நினைத்துப் பாருங்கள். அப்புறம் வழக்கு, மேல்முறையீடு என்று இழுத்து 2013ல்தான் திரும்பக் கிடைத்தது. 2024ல் அதே மாநில மக்கள் 60 சதவீதத்துக்கு மேல் ஓட்டுப் போட்டு அந்தத் தடை வரியை நீக்கினார்கள். பதினாறு வருடத்தில் மனம் மாறியது மக்களுக்கு. உரிமை திரும்பக் கிடைக்கும் முன்பே செத்துப்போனவர்களுக்கு யார் பதில் சொல்வது?

குரோஷியாவில் 2013ல் ஓட்டுப் போட வந்ததே 38 சதவீதம் பேர்தான், அதில் மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்து, திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டது. ருமேனியாவில் 2018ல் அதே மாதிரி முயன்றார்கள், குறைந்தது 30 சதவீதம் பேராவது வர வேண்டும் என்ற விதியால் அது செல்லாமல் போனது, வந்தது 21 சதவீதம்தான். இரண்டு நாட்டிலும் கேட்டது ஏறக்குறைய ஒரே கேள்வி. ஓட்டுச்சாவடிக்கு இத்தனை பேர் வர வேண்டும் என்ற விதி ஒரு நாட்டில் இருந்தது, இன்னொன்றில் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். ஜனங்க முடிவு என்று அண்ணன் சொன்னாரே, அது எந்த ஜனம், எத்தனை பேர் வந்த அன்றைய ஜனம் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

தைவானை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், நமக்கு நெருக்கமான ஆசிய நாடு என்பதால். அங்கே 2017 மே மாதம் அரசியலமைப்பு நீதிமன்றம், இரண்டு வருடத்துக்குள் தன்பாலினத் திருமணத்துக்கு வழி செய்ய வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. எதிர்த்தவர்கள் 2018 நவம்பரில் வாக்கெடுப்பு கொண்டுவந்தார்கள், 70 சதவீதத்துக்கு மேல் எதிர்ப்பு. அரசு என்ன செய்ய முடியும்? ஓட்டில் கேட்டது குடிமையியல் சட்டத்தில் உள்ள திருமணத்தைப் பற்றி என்பதால் அந்தச் சட்டத்தைத் தொடாமல், தனியாக ஒரு சட்டம் எழுதி 2019 மே 17ஆம் தேதி நிறைவேற்றினார்கள். ஆசியாவிலேயே முதல் நாடு என்ற பெயரும் கிடைத்தது. அந்த ஓட்டை மட்டும் கேட்டிருந்தால் இன்றைக்கும் அங்கே ஒன்றும் நடந்திருக்காது.

அமெரிக்காவில் வேறு நிறத்தவரைக் கல்யாணம் செய்யத் தடை விதித்த மாநிலச் சட்டங்களை 1967ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த வருடம் எடுத்த கருத்துக்கணிப்பில் அப்படிப்பட்ட கல்யாணங்களை ஏற்றுக்கொண்டவர்கள் 20 சதவீதம்தான், ஓட்டுக்கு விட்டிருந்தால் தோற்றிருக்கும். அலபாமா மாநிலத்தில், செல்லாமல் போன அந்தத் தடையை ஏட்டிலிருந்து நீக்கலாமா என்று 2000ஆம் ஆண்டு ஓட்டுக்கு விட்டபோதுகூட சுமார் 40 சதவீதம் பேர் இருக்கட்டும் என்றார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன், ஏனென்றால் என் மனசுக்குப் பதில் கிடைத்தது இங்கேதான்.

ஒரு கூட்டத்துக்கு உரிமை கொடுக்கலாமா என்று இன்னொரு கூட்டத்திடம் ஓட்டுக் கேட்ட கதை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. குருவாயூர் கோயில் அப்போது சென்னை மாகாணத்தில், மலபார் ஜில்லாவில் இருந்தது. ஒடுக்கப்பட்டவர்களை உள்ளே விட வேண்டும் என்று காங்கிரஸ்காரர் கேளப்பன் உண்ணாவிரதம் இருந்தார், காந்தி தலையிட்டார், 1932ல் பொன்னானி தாலுகாவில் வாக்கெடுப்பு நடந்தது. யாரிடம் கேட்டார்கள் தெரியுமா? ஏற்கெனவே கோயிலுக்குள் போக உரிமை உள்ளவர்களிடம். வெளியே நின்றவர்களுக்கு ஓட்டு இல்லை. ஓட்டுப் போட்ட இருபதாயிரம் பேரில் 77 சதவீதம் உள்ளே விடலாம் என்றார்கள். இவ்வளவு பெரிய மனசோடு மக்கள் சொன்ன பிறகும் கோயில் திறக்கவில்லை. 1947ல் சட்டம் வந்த பிறகுதான் கதவு எல்லாருக்கும் திறந்தது. நல்ல எண்ணத்தோடு நடத்தி, நல்ல முடிவும் வந்த அந்த ஓட்டிலேயே ஏதோ ஒன்று உறுத்துகிறது. உள்ளே நிற்பவர்களிடம் கதவைத் திறக்கலாமா என்று கேட்பதே, கதவு அவர்கள் சொத்து என்று ஒப்புக்கொள்வதாகிவிடுகிறது.

ஏழு வருடம் கழித்து மதுரையில் வேறு விதமாக நடந்தது. வைத்தியநாத ஐயர் பல மாதங்கள் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பேசினார். 1939 ஜூலை 8ஆம் தேதி காலை, மேலூர்ப் பக்கத்துக் கக்கன் உள்பட ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் ஐந்து பேரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போனார். கோயில் நிர்வாக அதிகாரியாக இருந்த ஆர்.எஸ். நாயுடு துணை நின்றார். எதிர்ப்பு கடுமையாக இருந்தது, ராஜாஜி அரசு அந்த மாதமே அவசரச் சட்டம் கொண்டுவந்து, பின்னர் அதை முறையான சட்டமாக்கியது. மாசி வீதியிலும் ஆவணி மூல வீதியிலும் ஓட்டுப்பெட்டி வைத்துக் கேட்டிருந்தால் என்ன முடிவு வந்திருக்கும் என்று நான் சொல்லப்போவதில்லை. அப்படிக் கேட்டிருந்தால் அது கக்கனுக்குச் செய்த அவமானமாக இருந்திருக்கும், ஜெயித்திருந்தாலும்.

இன்னும் பக்கத்தில் வாருங்கள். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். 1996ல் இந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்க சாதியினரின் எதிர்ப்பால் பத்து வருடம் அங்கே முறையாக ஒரு தலைவர் உட்கார முடியவில்லை. மனுப் போட ஆள் வராது, வந்து ஜெயித்தாலும் உடனே ராஜினாமா. இந்தப் பத்து வருடத்தில் என்றைக்கு அந்த ஊர்களில் 'ஒதுக்கீடு வேண்டுமா வேண்டாமா' என்று ஓட்டு வைத்திருந்தாலும் முடிவு என்னவாகியிருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அரசு அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. தேர்தலைத்தான் திரும்பத் திரும்ப அறிவித்தது. கூடவே கலெக்டரும் அதிகாரிகளும் ஊருக்குள் உட்கார்ந்து பேசினார்கள். 2006ல் தேர்தல் ஒழுங்காக நடந்தது. ஓட்டு எதற்கு, எதற்கு இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. தலைவர் யார் என்பதற்கு ஓட்டு உண்டு. அந்தச் சமூகத்தவர் தலைவராகலாமா என்பதற்கு ஓட்டுக் கிடையாது.

கல்யாணத்துக்கே வருகிறேன். அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் 1928ல் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. ஐயர் இல்லை, அக்னி இல்லை, மந்திரம் இல்லை. அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கான கல்யாணங்கள் அந்த முறையில் நடந்தன. ஆனால் 1953ல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில், அப்படி நடந்த கல்யாணம் சட்டப்படி செல்லாது என்றது. அத்தனை மனைவிகளும் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை, பிள்ளைகளின் வாரிசுரிமை கேள்விக்குறி. ஊரும் உறவும் கூடி நின்று நடந்த கல்யாணம்தான், ஃபாரத்தில் எழுத மட்டும் உறவுமுறை இல்லை. வில்லாபுரத்துப் பெண் வராண்டாவில் உட்கார்ந்த நிலைதான் அது. 1967ல் அண்ணா ஆட்சி இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது, குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி, மாலை மாற்றினாலும் போதும், மோதிரம் போட்டாலும் போதும், தாலி கட்டினாலும் போதும். அதைவிட முக்கியம், அதற்கு முன்னால் அந்த முறையில் நடந்த கல்யாணங்களும் செல்லும் என்று அந்தச் சட்டம் சொன்னது. நாற்பது வருடத்துக் கல்யாணங்களை ஒரு சட்டம் நிமிர்த்தி வைத்தது. யாரும் ஓட்டுப்பெட்டி வைக்கவில்லை. ஐயர் வைத்துக் கல்யாணம் செய்தவர்களிடம், இவர்கள் கல்யாணத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்கவில்லை.

அண்ணன் திருப்பிக் கேட்பார் என்று தெரியும்: "அப்ப அஞ்சு ஜட்ஜு உட்கார்ந்து நூத்தி நாப்பது கோடிப் பேருக்கு முடிவு பண்ணலாமா தம்பி?" நல்ல கேள்வி. ஆனால் 2023ல் அந்த ஐந்து நீதிபதிகளும் அதைத்தான் செய்ய மறுத்தார்கள். திருமணம் செய்துகொள்வது அரசியலமைப்பு தரும் அடிப்படை உரிமை இல்லை என்பதில் ஐந்து பேரும் ஒன்று. இணைந்து வாழ்வதற்காவது அரசு ஓர் அங்கீகாரம் தர வேண்டுமா என்பதில் மூன்று பேர் இல்லை, இரண்டு பேர் ஆம். சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின், சட்டமன்றத்தின் வேலை என்று பந்தை அங்கே அனுப்பிவிட்டார்கள். மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகிவிட்டன.

நீதிமன்றங்களும் எண்ணிக்கை பார்த்து ஏமாந்தது உண்டு. தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவை 2013ல் திரும்ப உயிர்ப்பித்த தீர்ப்பில், இவர்கள் மக்கள்தொகையில் மிகச் சிறிய பகுதிதான், 150 வருடத்தில் 200க்கும் குறைவான பேர்மீதுதான் வழக்கு நடந்திருக்கிறது என்பதை ஒரு காரணமாகவே சொன்னார்கள். கொஞ்சம் பேர்தானே என்பது உரிமையைப் பறிக்கக் காரணமாகாது என்று 2018 செப்டம்பர் 6ஆம் தேதி அதே நீதிமன்றம் திருத்திக்கொண்டது. ஓட்டெடுப்பு என்பது இந்த 2013 கணக்கைத் திரும்ப முறைப்படுத்துவதுதான். கொஞ்சம் பேராக இருப்பவர்கள் ஓட்டில் எப்படி ஜெயிப்பார்கள்? மற்றவர்கள் மனசு வைத்தால்தான். தன் கல்யாணத்துக்கு மற்றவர்கள் மனசு வைக்கக் காத்திருக்கும் நிலை நம்மில் யாருக்கும் கிடையாது.

அப்படியானால் நாடாளுமன்றம்தான். அங்கேயும் ஓட்டுத்தானே என்றால், ஆமாம், ஆனால் அந்த ஓட்டு வேறு மாதிரி. சட்டமன்றத்தில் எழுந்து நின்று பெயரோடு பேச வேண்டும். எதிர்த்தால் காரணம் சொல்ல வேண்டும், குழுவுக்கு அனுப்பலாம், பாதிக்கப்படுகிறவர்களைக் கூப்பிட்டுக் கேட்கலாம், வாரிசுரிமைக்கு ஒரு பிரிவு, தத்துக்கு ஒரு பிரிவு, பிரிந்தால் என்ன என்பதற்கு ஒரு பிரிவு என்று எழுதலாம், பாதியில் திருத்தலாம். ஓட்டுச்சீட்டில் ஆம், இல்லை, அவ்வளவுதான். மறைப்புக்குள் போய்க் குத்திவிட்டு வந்தவர் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டாம். திருமணம் பொதுப் பட்டியலில் இருப்பதால், 1967ல் செய்தது போல, குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு மாநிலமும் ஒரு வழி செய்ய முடியும் என்பதை நம் எம்எல்ஏக்கள் யாரும் இன்னும் உரக்கச் சொல்லாதது எனக்கு வருத்தம்தான்.

2023ல் பியூ ஆய்வு நிறுவனம் எடுத்த கணிப்பில் இந்தியாவில் 53 சதவீதம் பேர் ஆதரவு, 43 சதவீதம் பேர் எதிர்ப்பு என்று வந்தது. அதைப் பார்த்துவிட்டு, நம் பக்கம் இருப்பவர்களிலேயே சிலர், அப்போ ஓட்டுக்கே விடலாமே என்கிறார்கள். நான் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். 53 இருப்பதால் உரிமை என்று ஒப்புக்கொண்டால், 47 ஆகும்போது உரிமை இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும்.

ஆனால் ஒன்றை மனசாரச் சொல்ல வேண்டும். அயர்லாந்தில் அந்த ஓட்டுக்காக வீடு வீடாகப் போய்ப் பேசினார்களே, அது பெரிய காரியம். பாட்டிகள் பேரன்களைப் பற்றி வாய்திறந்தார்கள். தீர்ப்பு எழுதி அதை வரவழைக்க முடியாது. அந்தப் பேச்சு நமக்கும் வேண்டும், ஓட்டுச்சீட்டு இல்லாமலே வேண்டும். அது முடியும் என்பதற்கு மதுரையே சாட்சி. 2021ல், வீட்டுக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு பெண்களின் வழக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது. அவர், இந்த விஷயத்தில் தனக்கே தெளிவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகு தீர்ப்பு எழுதினார். பெற்றோரையும் ஆலோசனைக்கு அனுப்பினார். இவர்களின் இயல்பை மாற்றும் சிகிச்சை என்ற பெயரில் செய்யும் கொடுமைகளைத் தடை செய்தார். இந்த மக்களைக் குறிப்பிட மரியாதையான தமிழ்ச் சொற்கள் வேண்டும் என்று அவர் சொன்னதால்தான் 2022ல் தமிழ்நாடு அரசு ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. அதற்கு முன்பே, 2019 ஏப்ரல் 22ஆம் தேதி, தூத்துக்குடியில் கோயிலில் நடந்த ஓர் ஆணின், திருநங்கையின் கல்யாணத்தைப் பதிவு செய்ய மாட்டோம் என்று அலுவலகம் மறுத்தபோது, எங்கள் ஒத்தக்கடைக் கிளையில்தான் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் இந்து திருமணச் சட்டத்தில் மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று தீர்ப்பளித்தார். 2023ல் உச்ச நீதிமன்றமும் திருநர் விஷயத்தில் அதே நிலையைத்தான் எடுத்தது.

2024ல் மத்திய அரசு சில அறிவுறுத்தல்கள் கொடுத்தது. ரேஷன் கார்டுக்கு ஒரே குடும்பமாகக் கருதலாம், வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கலாம், சொந்தக்காரர் யாரும் இல்லாத நிலையில் துணையின் உடலைப் பெற்றுக்கொள்ளலாம். செத்த பிறகு உடலை வாங்கும் உரிமை முதலில் வந்திருக்கிறது, கூடவே இருந்து பார்த்துக்கொண்டவருக்கு ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடும் உரிமை எழுதி வரவில்லை. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2023 நவம்பரில், இப்படி வாழ்பவர்கள் தங்களுக்குள் ஒரு குடும்ப ஒப்பந்தப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொள்ள அரசு வழி செய்யலாம் என்று யோசனை சொன்னார்.

அந்த யோசனையைப் பேப்பரில் படித்துவிட்டுத்தான் வில்லாபுரத்துப் பெண்கள் என் கடைக்கு வந்தார்கள். பதிவு செய்ய வழி இல்லை, தெரியும், ஆனாலும் ஒரு பத்திரத்தாளில் டைப் அடித்து நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிவைத்தால் எதற்காவது உதவாதா என்று கேட்டார்கள். பக்கத்து வக்கீல் ஒருவர் வாசகம் எழுதிக் கொடுத்தார். எங்களில் ஒருவர் உடல்நலம் குன்றி முடிவெடுக்க இயலாத நிலையில் மற்றவர் முடிவெடுக்கச் சம்மதிக்கிறோம் என்று இரண்டு பக்கம். நான் டைப் அடித்தேன். பெயர், தகப்பனார் பெயர், வயது, முகவரி. அடுத்த வரியில், இன்னாருக்கு இன்ன உறவு என்று வர வேண்டிய இடத்தில், என்ன போட என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீங்க என்னண்ணே போடுவீங்க, உங்க வீட்டுக்கு?" என்று பெரியவள் கேட்டாள். மனைவி என்று போடுவேன் என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வக்கீல்தான், அந்தச் சொல்லைப் போட்டால் எதிராளி அதையே பிடித்துக்கொள்வான், வேண்டாம் என்றார். 'உடன் வசிப்பவர்' என்று அடித்துக் கொடுத்தேன். மூன்று நகல் எடுத்து, ஒன்றை லேமினேட் செய்து வாங்கிக்கொண்டு போனார்கள். அது இப்போது அவர்கள் வண்டி டிக்கியில் ஆர்சி புத்தகத்தோடு கிடக்கிறது.